பேச்சின் வாலைக் கடித்த போன்

திருப்பதிக் கடைக்காரர் மேஜைமேல் வரிசையாக வைத்துக் காட்டிய மூன்று போன்களில் நடுவில் இருந்ததுதான் ஞானசௌந்தரிக்குப் பிடித்தது. சாம்பல் நிறம். பெரிய பட்டன். அழுத்தினால் பளிச்சென்று சிவப்பு விளக்கு எரியும், பெட்டி பேச ஆரம்பிக்கும். மறுபடி அழுத்தினால் விளக்கு அணைந்து வாயை மூடிக்கொள்ளும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

“இதுதான் சார் நமக்கு சரி,” என்றாள் மேனேஜர் எர்னஸ்டிடம். “விளக்கு எரிஞ்சா லைன்ல ஆள் இருக்காங்க, எரியலைன்னா இல்ல. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல.”

எர்னஸ்ட் தலையாட்டினார். எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிற மனிதர் அவர்.

அது எண்பத்தாறாம் வருஷம், மாங்காய் இறங்குவதற்கு முந்தைய மாதம். மாம்பழக் கூழை டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தக் கம்பெனிக்கு ஆலை பங்காருபாளையத்தில், ஆபீஸ் சித்தூரில், முதலாளி வீடு மெட்ராஸில். இங்கிருந்து மெட்ராஸுக்கு நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்ததிலிருந்து சின்ன முதலாளிக்கு ஒரு புது ஆசை. எல்லா அதிகாரிகளோடும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அதுவரை ரிசீவரை மேஜையைச் சுற்றிக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதில் விழுந்தது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே மீட்டிங் ரூம் மேஜைக்கு ஒரு ஸ்பீக்கர் போன். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆபீஸ் சூப்பரின்டெண்டான ஞானசௌந்தரியிடம் வந்தது. டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, தபாலில் பி.ஏ. முடித்து மேலே வந்தவள். போன் விஷயம் என்றால் ஆபீஸில் அவளைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது போன் கறுப்பாக, தட்டையாக, அதே மாதிரி சிவப்பு விளக்கோடு இருந்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. கடையின் மெக்கானிக் ஏழுமலை அதைத் துணியால் துடைத்துக்கொண்டே விளக்கினான்.

“இது கொஞ்சம் வேற மாதிரிம்மா. வெளியிலிருந்து அடிச்சா யாரும் கை வெக்க வேணாம், அதுவே லைனை எடுத்துக்கும். அடியில ஒரு சுவிட்ச் இருக்குது பாருங்க. அதைத் தள்ளிட்டா மணிகூட அடிக்காது.”

“மணி அடிக்காத போனை வாங்கி இன்னாப்பா பண்றது?” என்று சிரித்தாள் ஞானசௌந்தரி.

ஏழுமலையும் சிரித்தான். “வாங்கறவங்க வாங்கிக்கினுதான் இருக்கறாங்க.”

அவள் நடுப்போனையே சிபாரிசு செய்து, காரணங்களையும் தெளிவாக எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. ஒரு நாள் காலை ஏழுமலை பஸ்ஸில் சித்தூர் வந்து இறங்கினான். அவன் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே கறுப்புப் போன்.

“மெட்ராஸ்லருந்து நேரா கடைக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாங்கம்மா,” என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

எர்னஸ்ட் தலையாட்டினார். “முதலாளிக்கு எது பிடிக்குதோ அது. நமக்கு இன்னா?”

முதல் நாளிலிருந்தே அந்தப் போன் படுத்தியது. மீட்டிங் ரூம் மூன்று பக்கமும் வெறும் சுவர், நான்காவது பக்கம் பலகைத் தடுப்பு. பேசினால் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்து பெட்டிக்குள் புகுந்தது. “கெணத்துக்குள்ள இருந்துகிட்டா பேசறீங்க?” என்று மெட்ராஸிலிருந்து சின்ன முதலாளி எரிந்து விழுந்தார். ஞானசௌந்தரி ஜன்னல்களுக்குக் கனமான திரை தைத்துப் போட்டாள். மேஜைமேல் கம்பளி விரிக்கச் சொன்னாள். எதிரொலி குறைந்தது. அப்புறம் மின்விசிறி. அது சுற்றினால் யாரோ பேசுகிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டு மெட்ராஸ் குரலை அடைத்துவிட்டது. விசிறியை நிறுத்தினால் சித்தூர் வெயிலில் யாரால் உட்கார முடியும்? கடைசியில் போனை விசிறிக்கு நேர்கீழிருந்து நகர்த்தி மேஜையின் ஒரு கோடிக்குக் கொண்டுபோனாள்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு கோளாறு மட்டும் போகவில்லை. அது பேச்சின் வாலைக் கடித்தது.

முதலில் கவனித்தவள் அவள்தான். ஸ்டோர் அதிகாரி, “டப்பா வந்துடுச்சுன்னு சொல்ல முடியாது சார்,” என்றார். மெட்ராஸில் “வந்துடுச்சா, நல்லது,” என்றார்கள். அதை விளக்கிச் சொல்வதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. ஞானசௌந்தரி மறுபடி ஏழுமலையை வரவழைத்தாள். அவன் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மூடினான்.

“இது ரிப்பேர் இல்லம்மா. இதோட குணமே இதுதான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேச வுடாது. யார் சத்தம் பெருசோ அவங்களுக்குக் கதவைத் தொறக்கும், சத்தம் எறங்கினா சாத்திக்கும். நம்ம ஆளுங்க ஆரம்பிக்கும்போது கத்தறாங்க, முடிக்கும்போது குரலை முழுங்கிடறாங்க. அந்த முழுங்கற எடத்துல கதவு சாத்திக்குது.”

“நம்ம பாஷையில இல்லைங்கறதும் வேணாங்கறதும் கடைசியிலதானே வருது,” என்றாள் அவள்.

“அதான். கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்லச் சொல்லுங்க.”

சொல்லிப் பார்த்தாள். அதிகாரிகள் இரண்டு நாள் அழுத்திப் பேசினார்கள், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள்.

இன்னொரு சின்னத் தொல்லையும் இருந்தது. அந்த ரூம் போனுக்கு அடித்தால் எப்போது பார்த்தாலும் எங்கேஜ்டு என்று பழ வியாபாரிகள் குறைப்பட்டார்கள். அவள் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுத்தாள். லைன்மேன் வந்து சோதித்துவிட்டு, “லைன் பாகுந்தி அம்மா, மீ போன்லோனே ஏதோ உந்தி,” என்று தெலுங்கில் சொல்லிப் போய்விட்டான். லைனில் குறையில்லை, போனில்தான் ஏதோ இருக்கிறது. சீசன் நெருக்கடியில் அவள் அதை மேற்கொண்டு ஆராயவில்லை. சிவப்பு விளக்குதான் எரியவில்லையே. விளக்கு எரியாவிட்டால் யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்.

மே மாதம் மாங்காய் வந்து குவிந்தது. பங்காருபாளையத்துச் சாலை முழுக்க லாரிகள். ஆலையில் பாய்லர் இரவு பகலாக எரிந்தது. பழைய பாய்லர். அதன் குழாய் ஒன்று ஒரு நாள் பிற்பகலில் வாய் பிளந்து, பழம் நறுக்கிக்கொண்டிருந்த சென்னம்மா என்ற பெண்ணின் கையில் நீராவி அடித்துவிட்டது. தோள்பட்டை வரை தோல் வழன்றுபோனது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் நாகையா. எல்லைக் கிராமத்துத் தமிழன். சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். பாய்லரை நிறுத்திக் குழாய்களை மாற்றாமல் இனி வேலை செய்ய முடியாது என்று அவன் எழுதிக் கொடுத்தான். சீசன் நடுவில் நிறுத்த முடியாது என்று மெட்ராஸ் சொன்னது. ஆலைக்குள் குசுகுசுப்பு ஆரம்பித்தது.

அப்போது எர்னஸ்ட் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய ஆபீஸ் மீட்டிங் ரூமையே கொடுத்தார்.

“வெயில்ல மரத்தடியில நின்னு பேசுவானேன்? உள்ள உக்காந்து பேசுங்க. நாங்க யாரும் வரமாட்டோம்,” என்றார். டீக்கும் சொல்லி அனுப்பினார். சொல்லும்போது அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாகையாவுக்கு வியப்பு. “இன்னாம்மா, மேனேஜருக்கு இன்னிக்கு மனசு இம்மாம் பெருசாயிடுச்சு?” என்று ஞானசௌந்தரியிடம் கேட்டுவிட்டு ஆட்களோடு உள்ளே போய் உட்கார்ந்தான்.

அவளுடைய மேஜை அந்த ரூமுக்கு அடுத்து. நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாதது. காது கொடுக்க வேண்டும் என்று இல்லை, பேச்சு தானாகவே மேலேறி இந்தப் பக்கம் விழுந்தது. இளவட்டம் ஒருவன் கொதித்துக்கொண்டிருந்தான். நீராவி வால்வை மூடிவிட்டால் வழிக்கு வருவார்கள் என்றான். இரண்டு மூன்று குரல்கள் ஆமாம் போட்டன. நாகையா மேஜையைத் தட்டினான்.

“மெயின் வால்வை மூடிட்டா மொத்த சரக்கும் கெட்டுப்பூடும், மொதலாளி ஓடி வந்து நம்ம கால்ல வுழுவாருன்னு எவனும் கனா காண வேணாம். பாய்லர்ல கை வெச்சா மொதல்ல சாவறது உள்ள நிக்கற நம்ம பொம்பளைங்க. அந்தப் பேச்சை இத்தோட வுடுங்க. கலெக்டரு ஆபீசுக்குப் போயி மனு குடுப்போம்.”

பெரிய குரலில் ஆரம்பித்து, முடிக்கும்போது தாழ்ந்து தணிந்த குரல். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஞானசௌந்தரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நல்லவேளை, புத்தியுள்ள மனுஷன் என்று நினைத்துக்கொண்டு டைப் அடிப்பதைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்தபோது எர்னஸ்ட் தன் அறையில் நின்றுகொண்டே இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“நாகையாவை போலீஸ் ஜீப்ல ஏத்திக்கினு போயிட்டாங்க. காலையில ஷிப்டுக்கு வந்தவனை கேட்லயே.”

“எதுக்கு சார்?”

“ஆலையை நாசம் பண்ணத் திட்டம் போட்டானாம். மெட்ராஸ்லருந்து புகார் போயிருக்குது. மெயின் வால்வை மூடிட்டா மொத்த சரக்கும் கெட்டுப்பூடும், மொதலாளி ஓடி வந்து நம்ம கால்ல வுழுவாருன்னு சொன்னானாம். பாய்லர்ல கை வெக்கறதைப் பத்தியும் கூட்டத்துல பேசினானாம்.”

அந்த வாக்கியம் ஞானசௌந்தரிக்குத் தெரியும். நாகையாவின் சொற்கள்தான், ஒன்றும் மாறவில்லை. வால் மட்டும் இல்லை. தணிந்த குரலில் சொன்னதெல்லாம் போயிருந்தது, தட்டிச் சொன்னது மட்டும் மிஞ்சியிருந்தது. கூட்டத்தில் இருந்த ஆள் எவனாவது காட்டிக் கொடுத்திருந்தால் ஒன்று முழுசாகச் சொல்லியிருப்பான், இல்லை புளுகியிருப்பான். இப்படிச் சரியாக அந்த இடத்தில் கத்தரித்துச் சொல்ல மனிதனால் முடியாது. அப்படிக் கத்தரிப்பது ஒன்றே ஒன்றுதான். அதை எதிரொலி போகத் திரை தைத்து, கம்பளி விரித்து, நன்றாகக் கேட்கும்படி சரிசெய்து வைத்தவளும் அவள்தான்.

அவள் தன் மேஜைக்குப் போய் ரிசீவரை எடுத்து மீட்டிங் ரூம் எண்ணைச் சுழற்றினாள். எங்கேஜ்டு. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. நாற்காலிகள் நேற்று கலைந்த மாதிரியே கிடந்தன. மேஜைக் கோடியில் கறுப்புப் பெட்டி, விளக்கு அணைந்தபடி. மூச்சு விடும் சத்தம்கூடத் தன்னுடையதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

எர்னஸ்ட் பின்னாலேயே வந்துவிட்டார். “சார், இந்தப் போன்...” என்று அவள் ஆரம்பித்ததும் விரலை உதட்டில் வைத்தார். அவள் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போய், கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டியின் கீழே நிறுத்தினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த ரூம்ல எதுவும் பேசாத, சௌந்தரி.”

“அப்போ உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு யாரும் சொல்லல. நானும் யாரையும் கேக்கல.” அவர் தொட்டிச் சுவரையே பார்த்தார். “சங்கத்துக்காரங்களுக்கு ரூமைக் கொடுன்னாங்க, கொடுத்தேன். அவ்வளவுதான்.”

“நாகையா வேணாம்னு சொன்னான் சார். நான் கேட்டேன். முழுசா கேட்டேன்.”

“நீ கேட்டதை உன்னோட வெச்சுக்கோ. உன் வீட்டுக்காரர் உடம்பு முடியாம படுத்திருக்கார், ரெண்டு பேருக்கும் உன் ஒரு வேலைதான். நான் உனக்கு அண்ணன் மாதிரி சொல்றேன்.” ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே சபையில், அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிற மனிதர். அவர் குரலில் இருந்தது மிரட்டல் இல்லை, பயம். அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் அவள் திருப்பதி பஸ் ஏறினாள். ஏழுமலையின் வீடு திருச்சானூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த மனைவியை உள்ளே போகச் சொன்னான்.

“வெளியிலருந்து வர்ற காலுக்கு லைட்டு எரியாம ஒயரை அறுத்தது நான்தாம்மா. மெட்ராஸ்லருந்து சொன்னாங்க, கடை ஓனரு செய்யின்னாரு. மணியும் அடிக்காது. அந்த மாதிரி கால்ல அந்தப் பக்கத்துச் சத்தம் இங்க கேக்கக் கூடாதுன்னு அதோட சவுண்டை மட்டும் அடியோட கொறைச்சு வெச்சேன். பக்கவாட்டுல ஒரு சின்னச் சக்கரம் இருக்குது, அதுல.”

“எதுக்குன்னு கேக்கலியா நீ?”

“நான் கேட்டா அவுங்க சொல்லிடுவாங்களா?” அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “சின்ன மொதலாளி ராத்திரி பகலா கேட்டுக்கினு இருக்க மாட்டாருன்னு நெனைச்சேன். கேட்டுக்கினுதான் இருக்கறாரு போல.”

“போலீஸ்ல வந்து இதைச் சொல்றியா?”

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. “எனக்கு அந்தக் கடைதாம்மா,” என்றான் கடைசியில்.

அவள் எழுந்து வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, எதிர் சீட்டில் இருவர் தங்கள் வீட்டுச் சண்டையைச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். வாயை மூடுங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் யார் கேட்கப் போகிறார்கள்? என்றாலும் சித்தூர் வரும்வரை அந்த உறுத்தல் போகவில்லை.

நாகையாவைப் போலீஸ் விட்டுவிட்டது. ஊரைவிட்டுப் போகக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. கம்பெனி அவனை வேலைநீக்கம் செய்ய உள்விசாரணை வைத்தது. திருப்பதியிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்தார். விசாரணை மீட்டிங் ரூமிலேயே நடக்கட்டும் என்று மெட்ராஸ் சொல்லிவிட்டது.

விசாரணைக்கு முன்னால் ரூமைத் தயார் செய்வது ஞானசௌந்தரியின் வேலை. நாற்காலி போட்டாள். தண்ணீர் வைத்தாள். கம்பளியைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னச் சக்கரத்தை முடிந்தவரை திருப்பினாள். பெட்டியிலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ கையால் வாய்க்குழலை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் இல்லாமலேயே இருக்கலாம். அது அவளுக்குத் தெரியாது.

நாகையா வந்தான். அந்தச் சில நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் மனைவி பொன்னியம்மா வெளி வராந்தாவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எர்னஸ்ட் குற்றச்சாட்டைப் படித்தார். அந்த அரைகுறை வாக்கியத்தையும் படித்தார். நாகையா கைகூப்பினான்.

“நான் அப்பிடிச் சொல்லல சாமி. வேணாம்னுதான் சொன்னேன். கூட இருந்தவங்களைக் கேளுங்க.”

“கூட இருந்தவங்க உன் ஆளுங்க,” என்றார் வக்கீல். “வேற யாராவது கேட்டாங்களா?”

எர்னஸ்ட் தலையாட்டத் தொடங்கினார், இல்லை என்கிற மாதிரி. ஞானசௌந்தரி எழுந்தாள். குறிப்பெடுக்கத்தான் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

“நான் கேட்டேன் சார். தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் என் சீட்.”

“சொல்லுங்க.”

அவள் வக்கீலைப் பார்த்துப் பேசவில்லை. மேஜைக் கோடிக்கு நடந்துபோய்க் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். எர்னஸ்டின் பேனா கீழே விழுந்தது.

“மெயின் வால்வை மூடிட்டா மொத்த சரக்கும் கெட்டுப்பூடும், மொதலாளி ஓடி வந்து நம்ம கால்ல வுழுவாருன்னு,” என்று சாதாரணக் குரலில் ஆரம்பித்தவள், குனிந்து, சபையில் பின்வரிசைக்குக் கேட்கப் பாடுகிற குரலை எடுத்தாள். “எவனும் கனா காண வேணாம்! வேணாம்னுதான் நாகையா சொன்னான். பாய்லர்ல கை வெச்சா நம்ம பொம்பளைங்க சாவாங்கன்னு சொன்னான். இந்தப் போன் கடைசி வார்த்தையைக் கடிச்சிடும். நீங்க பாதியைத்தான் கேட்டீங்க!”

அவள் நிறுத்தியதும் ரூமில் யாரும் அசையவில்லை. விசிறிகூட நின்றிருந்தது, கரண்ட் போயிருந்த நேரம்; பெட்டி ஓடியது பேட்டரியில். அந்த நிசப்தத்தில் பெட்டி தன் கதவை மறுபக்கம் திறந்தது. தரையில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம், எல்லோருக்கும் பழக்கமான ஒரு குரல், மிகப் பக்கத்தில், அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி:

“யார்றா அந்தப் பொம்பள?”

கிளிக் என்று ஒரு சத்தம். நீளமாக டயல் டோன்.

நாகையா இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு எர்னஸ்டைப் பார்த்தார். “இது எவ்வளவு நேரமா இப்படி இருக்குது?” என்றார். எர்னஸ்ட் தலையாட்டவில்லை. உட்கார்ந்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

விசாரணை அன்றோடு ஒத்திவைக்கப்பட்டது, மறுபடி கூடவே இல்லை. நாகையா அப்படிச் சொன்னான் என்று நிரூபிக்க வேண்டுமானால் அதை யார் எப்படிக் கேட்டார்கள் என்று கம்பெனி சொல்லியாக வேண்டும். வக்கீல் அதை மெட்ராஸுக்கு எழுதினார் போலிருக்கிறது. புகாரைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் நாகையாவை மட்டும் உள்ளே சேர்க்கவில்லை. சீசன் ஆள்தானே, இந்த சீசனுக்கு வேண்டாம் என்றார்கள். பாய்லருக்கு எங்கிருந்தோ ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார்கள்.

ஆபீஸில் ஞானசௌந்தரியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கறுப்புப் போனை எடுத்துவிட்டார்கள். சாதாரணப் போன் ஒன்று வந்து உட்கார்ந்தது. எடுத்தும் பயனில்லை. ஸ்டோர் அதிகாரி அவளிடம் ஒரு சாவி கேட்பதற்குக்கூடத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் மீட்டிங் ரூம் வாசலில் பேச்சை நிறுத்தினார்கள். எர்னஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார். ஜூன் நடுவில் அவளுக்கு மாற்றல் வந்தது, கம்பெனியின் திருப்பதி டிப்போவுக்கு. தினம் போய்வர வேண்டும். வேலையை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். அவள் விடவில்லை. வீட்டில் கணவர் இயேசுதாசன் படுக்கையில் இருந்தபடி, “நீ சத்தமா சொன்னியே, அது போதும்,” என்றார். அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாற்றலுக்கு முன்னால் ஒரு நாள் மாலை அவள் பங்காருபாளையம் போனாள். நாகையாவின் வீட்டில் பொன்னியம்மா மட்டும் இருந்தாள்.

“அவரு கேட்டுகிட்ட நிக்கறாரும்மா. தெனமும் ஷிப்டு மாறும்போது போயி நிக்கறாரு. சொன்னா கேக்க மாட்டன்றாரு.”

ஆலைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். கேட்டுக்குள் அவனை விடமாட்டார்கள், சாலையில் நிற்பதைத் தடுக்க முடியாது. அவளைப் பார்த்துக் கும்பிட்டானே தவிர கண் ஆலைக் கூரையின் மேலேயே இருந்தது. குழாயிலிருந்து வெள்ளையாக நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது.

“சத்தம் கேக்குதாம்மா? நடுவுல ஒரு இழுப்பு இழுக்குது பாருங்க. போன வாரம் அது இல்ல. அதுவும் நின்னுதுன்னா ஆவி அடைச்சுக்கினு வெடிச்சிடும்.”

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். அவளுக்கு ஆலைச் சத்தம்தான் கேட்டது.

“குழாயை மாத்தலியா?”

“எங்க மாத்தினாங்க? சென்னம்மா மேல அடிச்சதை ஒட்டுப்போட்டு வெச்சிருக்கறாங்க. கலெக்டரு ஆபீசுல மனு குடுத்திருக்கறேன். பாய்லரு இன்ஸ்பெக்டரு வருவாருன்றாங்க. எப்போன்னு சொல்ல மாட்டன்றாங்க.”

சங்கு ஊதியது. பெண்கள் தூக்குச்சட்டியோடு கும்பலாக வந்தார்கள். முன்னால் சென்னம்மா, தோளிலிருந்து கை வரை துணி சுற்றியபடி, ஆறாத புண்ணோடு மறுபடி வேலைக்கு. நாகையா சாலையைக் கடந்து ஓடினான். காவல்காரன் கம்பை நீட்டியதும் அந்த இடத்திலேயே நின்று, கையைக் குவித்து வாயருகே வைத்துக் கூவினான்.

“பாய்லரு பக்கம் உக்காராதீங்க! வடக்குச் செவுத்துப் பக்கம் போயி உக்காருங்க! இழுப்புச் சத்தம் நின்னுதுன்னா கத்தியைப் போட்டுட்டு வெளிய வந்துடுங்க! யாரையும் கேட்டுக்கினு இருக்காதீங்க!”

சிலர் தலையசைத்தார்கள். சிலர் மேஸ்திரியைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டு போனார்கள். சென்னம்மா மட்டும் நின்று, “வடக்கா நைனா?” என்று கேட்டாள். அவன் “வடக்கு, வடக்கு” என்று கையைக் காட்டினான். கேட் சாத்தப்பட்டது.

ஞானசௌந்தரியின் பஸ் வந்து போய்விட்டது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நாகையா திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.